கோச் தேடும்போது உங்கள் பிள்ளையின் பெயர் கிடைக்க வேண்டும்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை டென்னிஸிலோ நீச்சலிலோ ஓட்டத்திலோ கொஞ்சம் பெயர் எடுத்ததும், ‘பெர்சனல் பிராண்ட் கட்டுங்கள்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உடனே லோகோ, ரீல், ஃபாலோயர் எண்ணிக்கை என்று மனம் ஓடும். காலேஜ் கோச் பார்ப்பது இவற்றை இல்லை. அவர் பெயரைத் தேடுகிறார். சரிபார்க்கக்கூடிய ரிசல்ட், திறக்கும் வீடியோ, படிப்பு மதிப்பெண், பதில் எழுத ஒரு முகவரி ஆகிய நான்கும் ஓரிரு நிமிடத்தில் கையில் வந்தால் மேலே படிப்பார். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். ஸ்பான்சர் செய்ய நினைக்கும் கடைக்காரரும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறார்.

அந்த நான்கையும் சரிசெய்யும் வழி கீழே இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களுக்கென்றே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று பெயர், மற்றொன்று விசா. அவற்றுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் பெயரை ஒன்றாக்குங்கள்

அப்பா பெயர் கடைசிப் பெயராகும் நம் வழக்கத்தை அமெரிக்க ரிசல்ட் தளங்கள் அறியாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயருக்கான இடத்தில் ‘எஃப்.என்.யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடும். பள்ளி அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றும். டென்னிஸ் சங்கத்தில் அம்மா சுருக்கமாகப் பதிந்திருப்பார். தடகள ரிசல்ட் தளத்தில் பள்ளி கோச் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கடைசியில் கார்த்திகேயன் செந்தில்குமார், கார்த்திக் எஸ், செந்தில்குமார் கே, எஃப்.என்.யூ கார்த்திகேயன் என்று ஒரே பிள்ளை நான்கு ஆளாக நிற்கும். மூன்று வருட ரிசல்ட் நான்கு பக்கங்களில் சிதறிக் கிடந்தால், தேடுபவருக்கு எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் பாதி ஆட்டக்காரர்தான் தெரிவார்.

சரிசெய்ய ஒரு சனிக்கிழமை போதும். பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். அதுதான் மூலம். முதல் பெயரைச் சுருக்கலாம், கார்த்திகேயன் கார்த்திக் ஆகலாம். கடைசிப் பெயரை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாதீர்கள். பிறகு சங்க உறுப்பினர் பதிவு, டென்னிஸ் தர மதிப்பீடு தரும் யூ.டி.ஆர், தடகள ரிசல்ட் தளமான அத்லெட்டிக் டாட் நெட், விளையாட்டு வீடியோத் தளமான ஹடில், யூடியூப், இன்ஸ்டாகிராம், மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றாகத் திறந்து அதே எழுத்துக்கூட்டலுக்கு மாற்றுங்கள். பள்ளி அணிப் பட்டியலைப் பள்ளி கோச்தான் திருத்த முடியும், அவரிடம் கேளுங்கள். ஒரே தளத்தில் இரண்டு பக்கம் இருந்தால் அந்தத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு இரண்டு இணைப்புகளையும் பிறந்த தேதியையும் அனுப்பி இணைக்கச் சொல்லுங்கள். காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ அமைப்பின் தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கும்போது சட்டப்படியான பெயர் டிரான்ஸ்கிரிப்டோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பன்னிரண்டாம் வகுப்பில், நேரமே இல்லாதபோது, கடிதப் போக்குவரத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

மின்னஞ்சல் முகவரி பெயரிலேயே இருக்கட்டும். பள்ளி கொடுத்த முகவரி வேண்டாம். பல பள்ளிகள் வெளியிலிருந்து வரும் அஞ்சலைத் தடுத்துவைக்கும், படிப்பு முடிந்ததும் முகவரியையும் மூடிவிடும். கையொப்பத்தில் பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஆங்கிலத்தில் அசை பிரித்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போனில் கூப்பிட நினைக்கும் கோச்சுக்கு அந்த ஒரு வரி தயக்கத்தைப் போக்கும்.

ரிசல்ட்: எண்ணைச் சொல்லும் முறை

ஒவ்வொரு விளையாட்டுக்கும் கோச் முதலில் தேடும் எண் ஒன்று உண்டு. டென்னிஸில் யூ.டி.ஆர், அதிகபட்சம் 16.50 வரை போகும் அளவுகோல். நீச்சலிலும் தடகளத்திலும் நேரமும் தூரமும். இந்த எண்ணை மிகைப்படுத்தினால் ஒரே நிமிடத்தில் பிடிபடும், அதன் பிறகு மற்ற எதையும் நம்ப மாட்டார்கள்.

நீச்சலில் அமெரிக்கக் காலேஜ் சீசன் 25 கஜக் குளத்தில் நடக்கிறது. உங்கள் பிள்ளை மீட்டர் குளத்தில் எடுத்த நேரத்தைக் கஜமாக மாற்றிப் போட்டால் ‘மாற்றியது’ என்று சொல்லுங்கள், மூல நேரத்தையும் பக்கத்தில் வையுங்கள். தடகளத்தில் மின்னணு நேரமா கைக்கடிகார நேரமா என்று குறிப்பிட வேண்டும். 100, 200 மீட்டர், 100/110 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறை தாண்டுதல் ஆகியவற்றில் காற்றின் வேகம் நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டியிருந்தால் அது ‘காற்று உதவிய’ ரிசல்ட். அதைச் சொந்தச் சாதனையாக இன்ஸ்டா பயோவில் எழுதுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. பிள்ளை பொய் சொல்ல நினைத்திருக்காது, ரிசல்ட் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தைக் கவனித்திருக்காது.

ஒன்றை நேராகவே சொல்கிறோம். கிரிக்கெட்டும் பாட்மின்டனும் என்.சி.ஏ.ஏ சாம்பியன்ஷிப் விளையாட்டுகள் இல்லை. அவற்றில் எவ்வளவு பெயர் எடுத்தாலும் டென்னிஸ், தடகளம் போல என்.சி.ஏ.ஏ கோச் ஒருவர் தேடி வந்து இடம் தரும் ஏற்பாடு கிடையாது. ஆடட்டும், விண்ணப்பத்தில் அது அழகாக நிற்கும். உதவித்தொகையை எதிர்பார்த்து அதற்குப் பிராண்ட் கட்டாதீர்கள்.

என்.சி.ஏ.ஏ-வின் மேல் பிரிவான டிவிஷன் 1 மட்டும்தான் காலேஜ் என்றும் நினைக்க வேண்டாம். மதுரையைச் சேர்ந்த டேவிஸ் கோப்பை வீரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், என்.சி.ஏ.ஏ-வுக்கு வெளியே உள்ள என்.ஏ.ஐ.ஏ அமைப்பின் ஜார்ஜியா க்வினெட் காலேஜில் ஆடிவிட்டுத்தான் டிவிஷன் 1 பல்கலைக்கழகமான வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். எம்.ஐ.டி., கால்டெக், சிகாகோ, எமரி எல்லாம் டிவிஷன் 3. அங்கே விளையாட்டு உதவித்தொகை கிடையாது, ஐவி லீகிலும் கிடையாது. ஆனால் கோச்சின் ஆதரவு சேர்க்கைக்கு உதவக்கூடும். படிப்பில் முன்னே நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு பல சமயம் டிவிஷன் 1-ஐவிட எளிதாகத் திறக்கும்.

வீடியோ

போனைப் படுக்கையாகப் பிடியுங்கள். 1080, நொடிக்கு 60 ஃபிரேம். டிரைபாட் கட்டாயம். பெற்றோர் கையில் பிடித்து எடுத்த வீடியோவில் ‘கமான் கண்ணா’ என்ற குரலும், பாயின்ட் முடியும் முன்பே சாயும் கேமராவும்தான் இருக்கும்.

டென்னிஸை எடுத்துக்கொள்வோம். கேமரா பேஸ்லைனுக்குப் பின்னால், நடுவில், எட்டு முதல் பத்தடி உயரத்தில், கோர்ட் முழுவதும் தெரியும்படி இருக்க வேண்டும். வேலியில் மாட்டும் கிளிப் ஒன்று வாங்கினால் போதும். பக்கவாட்டிலிருந்து எடுத்தால் பந்து எவ்வளவு ஆழமாக விழுகிறது என்பது தெரியாது, கோச் முதலில் பார்ப்பது அதைத்தான். தொடக்கத்தில் பெயர், பட்டம் முடிக்கும் ஆண்டு, உயரம், எந்தக் கை, யூ.டி.ஆர், மின்னஞ்சல் கொண்ட ஒரு பலகை, ஐந்து நொடி. பிறகு ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட், வாலி, இரண்டு பக்க சர்வீஸ், ரிட்டர்ன் ஒவ்வொன்றிலும் எட்டுப் பத்துப் பந்து. அதன்பின் சம பலமுள்ள எதிராளியோடு ஆடிய இரண்டு முழு கேம், வெட்டாமல். தோற்ற பாயின்ட்டையும் விட்டுவையுங்கள். டபுள் ஃபால்ட் செய்தபின் பிள்ளை எப்படி நடந்து அடுத்த சர்வீஸுக்கு வருகிறது என்பதைப் பார்க்கத்தான் கோச் முழு கேமைக் கேட்கிறார். மொத்தம் ஆறு நிமிடம். முழு மேட்ச் வீடியோவைத் தனி இணைப்பாக வையுங்கள்.

அணி விளையாட்டில் மூன்று நான்கு நிமிடம் போதும். சிறந்த ஆறு காட்சிகள் முதலில் வரட்டும். ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் முன் உங்கள் பிள்ளை மேல் ஓர் அம்புக்குறி வேண்டும், இல்லாவிட்டால் பதினொரு பேரில் யார் என்றே தெரியாது. நீளம் தாண்டுதலுக்கு மரப்பலகைக்கு நேர் பக்கவாட்டில், கடைசி ஆறு தப்படிகளும் தெரியும்படி. ஓட்டத்துக்கு வீடியோ இரண்டாம்பட்சம், நேரம்தான் பேசும். பாட்டு சேர்க்காதீர்கள். சேர்த்த பாட்டில் கெட்ட வார்த்தை வந்து கெட்டுப்போன வீடியோக்கள் நிறைய.

எல்லாம் நன்றாக எடுத்தும் கடைசியில் வீணாகும் இடம் ஒன்று உண்டு. 13 முதல் 17 வயதுள்ளவர் யூடியூபில் ஏற்றினால் வீடியோ தானாகவே ‘பிரைவேட்’ ஆகிவிடும். வீட்டில் எல்லோருக்கும் திறக்கும், ஏனென்றால் அதே கணக்கில் இருக்கிறீர்கள். கோச்சுக்குத் திறக்காது. ‘அன்லிஸ்டட்’ என்று மாற்றுங்கள். கூகுள் டிரைவானால் ‘இணைப்பு உள்ள யாரும்’ என்று வையுங்கள், ‘அனுமதி கேள்’ என்று வந்தால் எந்தக் கோச்சும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். அனுப்பும் முன் வேறொருவர் போனில், கணக்கில் நுழையாத ஜன்னலில், திறந்து பாருங்கள்.

இன்ஸ்டாகிராம்

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் கணக்கை இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரிலிருந்து ‘டீன் அக்கவுன்ட்’ ஆக்கி, தானாகவே பூட்டிவைக்கிறது. 16 வயது ஆகாதவர் அதைத் திறக்கப் பெற்றோர் அனுமதி வேண்டும். 14, 15 வயதில் பூட்டியே இருக்கட்டும் என்பதுதான் எங்கள் கருத்து. அந்த வயதில் கோச்சுக்குத் தேவையானது ரிசல்ட் பக்கமும் வீடியோ இணைப்பும்தான். 16 ஆனதும், பழைய பதிவுகளையெல்லாம் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையோடு பார்த்து, வேண்டாததை நீக்கிவிட்டுத் திறக்கலாம். லைக் போட்டவை, எழுதிய கமென்ட்டுகள், நண்பர்கள் டேக் செய்த படங்கள் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

பயோவில் முழுப் பெயர், பட்டம் முடிக்கும் ஆண்டு, விளையாட்டும் பிரிவும், சிறந்த எண், ஊர், மின்னஞ்சல், வீடியோ இணைப்பு. மேலே மூன்று பதிவுகளைப் பின் செய்யுங்கள்: ஹைலைட் வீடியோ, இந்த சீசனின் சிறந்த ரிசல்ட், அடுத்து எங்கெங்கே ஆடப்போகிறது என்ற பட்டியல். வாரத்துக்கு ஒன்று இரண்டு பதிவு தாராளம். ரிசல்ட் போடும்போது போட்டியின் பெயரும் எண்ணும் வரட்டும். தோற்ற வாரத்திலும் போடச் சொல்லுங்கள். அணித் தோழனின் வெற்றிக்கு வாழ்த்து எழுதும் பிள்ளையைக் கோச்சுகள் கவனிக்கிறார்கள், ரெஃபரியைத் திட்டும் பிள்ளையையும் கவனிக்கிறார்கள்.

இருக்கும் இடத்தை அப்போதே காட்டும் பதிவு வேண்டாம், வீடு திரும்பியபின் போடட்டும். வீட்டு வாசல், கார் எண், தினசரிப் பயிற்சி நேரம் படத்தில் வரக்கூடாது. இன்னொன்றைப் பிள்ளையிடம் வெட்கப்படாமல் பேசிவிட வேண்டும். பெண் பெயரிலோ ‘ஏஜென்ட்’ பெயரிலோ அந்நியர் பேச்சுக் கொடுத்து, அந்தரங்கப் படம் வாங்கி, பணம் கேட்டு மிரட்டுவது அமெரிக்காவில் டீன் வயதுப் பையன்களைக் குறிவைத்தே நடக்கிறது. அப்படி நேர்ந்தால் பணம் கொடுக்கக்கூடாது, உரையாடலை அழிக்கக்கூடாது, அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். எஃப்.பி.ஐ-யிடம் புகார் கொடுக்கலாம், காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்தின் ‘டேக் இட் டவுன்’ சேவை படத்தை நீக்க உதவும். ‘நீ சொன்னால் திட்ட மாட்டோம்’ என்று இப்போதே சொல்லிவையுங்கள். மிரட்டுபவர் நம்புவது, பிள்ளை வீட்டில் சொல்லாது என்பதைத்தான்.

கோச்சுக்கு எழுதுவது

டென்னிஸ், தடகளம், நீச்சல், வாலிபால் போன்ற பெரும்பாலான விளையாட்டுகளில் டிவிஷன் 1 கோச், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை பிள்ளைக்கு நேரடியாகப் பதில் எழுத முடியாது. பிள்ளை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பதில் வரவில்லை என்று ஒன்பதாம் வகுப்பில் மனம் உடையும் பிள்ளைகளுக்கு இந்த விதியைச் சொல்லிப் புரியவையுங்கள். டிவிஷன் 3-க்கு அஞ்சலில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

முப்பது, நாற்பது காலேஜ் கொண்ட பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு காலேஜின் இணையப் பக்கத்திலும் இப்போதைய அணியின் எண்களைப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் எண் அங்கே ஐந்தாவது, ஆறாவது ஆளுக்கு அருகில் இருந்தால் அது சரியான காலேஜ். 2025 ஜூனில், காலேஜ் வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தபின், அதில் சேர்ந்த டிவிஷன் 1 அணிகளுக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு வந்துவிட்டது, அதனால் கடைசி இடங்கள் குறைவு.

தலைப்பு வரியில் பட்டம் முடிக்கும் ஆண்டு, பிரிவு, எண், பெயர், ஊர்: ‘2028, 800 மீ, 1:56.40’ என்பது போல. உள்ளே பத்து வரிக்கு மேல் வேண்டாம். யார், எந்தப் பள்ளி; சிறந்த எண்ணும் அது எடுத்த போட்டியும் தேதியும்; மதிப்பெண் சராசரி; என்ன படிக்க ஆசை; அந்தக் காலேஜ் ஏன் என்று உண்மையான ஒரு காரணம்; வீடியோ இணைப்பு; வரும் போட்டிகள்; பள்ளி அல்லது கிளப் கோச்சின் தொடர்பு. அந்த ‘ஏன்’ வரியை எழுதத் தெரியாவிட்டால் அந்தக் காலேஜைப் பற்றி இன்னும் படிக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரே அஞ்சலை நாற்பது பேருக்கும் அனுப்பி, ஒரு கோச்சின் பெயரை இன்னொருவர் அஞ்சலில் விட்டுவிடுவது எல்லா வருடமும் நடக்கிறது. பதில் இல்லாவிட்டால் மூன்று நான்கு வாரம் கழித்து, புதிய ரிசல்ட் ஒன்றோடு மறுபடி எழுதலாம். வெறும் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.

எழுதுவது பிள்ளை. போன் எடுப்பதும் பிள்ளை. நீங்கள் பிழை திருத்தலாம், அதற்கு மேல் போனால் கோச்சுக்குத் தெரிந்துவிடும். நான்கு வருடம் தினமும் தன்னோடு இருக்கப்போகிறவர் எப்படிப் பேசுகிறார் என்று அவர் அறிய விரும்புகிறார்.

மதிப்பெண்ணும் இந்த பிராண்டின் பகுதிதான். டிவிஷன் 1-க்கு 16 அடிப்படைப் பாடங்களில் 2.3 சராசரி வேண்டும், அவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும்.

பணம்: விசாவைப் பார்த்தபிறகு

2021 ஜூலையிலிருந்து காலேஜ் வீரர்கள் தங்கள் பெயர், உருவம், சாயலைக் கொண்டு சம்பாதிக்கலாம். என்.ஐ.எல் என்பது இதுதான். ஹைஸ்கூலில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிபோர்னியாவில் பள்ளிப் பெயர், சின்னம், சீருடை காட்டாமல் செய்யலாம். டெக்சஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல் மிகவும் கண்டிப்பு. விதிகள் சீசன் நடுவிலேயே மாறுகின்றன, ஆகவே பள்ளியின் அத்லெட்டிக் டைரக்டருக்கு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பிள்ளை எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது) இருக்கிறதா? எச்-4-இலும், எல்-1 வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான எல்-2-இலும் உள்ள பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. விளம்பரப் பதிவுக்குப் பணம் வாங்குவது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படலாம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் குடும்பத்துக்கு அது பெரிய ஆபத்து. ‘பணம் இல்லை, ஷூ மட்டும்தான்’ என்றாலும் பதிவுக்குப் பதிலாகக் கிடைத்தால் அது கூலிதான். யூடியூப் வருமானத்தை இயக்காதீர்கள், கமிஷன் இணைப்புகளைப் போடாதீர்கள். ரிசல்ட், வீடியோ, கோச்சுக்கு எழுதுவது எதற்கும் தடை இல்லை. விளையாட்டு உதவித்தொகை வாங்கவும் குடியுரிமை தேவையில்லை. 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1 ஆனாலும் இதே கேள்வி தொடரும். எஃப்-1 விசாவில் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடிய ஆஸ்கர் ஷிப்வே 2022-ல் தன் விளம்பர வேலைகளைச் செய்ய அணியின் பஹாமாஸ் பயணத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அதைப் பார்த்து நாமே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டாம், குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், பக்கத்து ஊர்க் கடைகளிலிருந்து தொடங்குங்கள்: ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் கடை, இந்திய மளிகைக் கடை, பல் மருத்துவர், டியூஷன் சென்டர். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியது: பிள்ளை யார், பின்தொடர்பவர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர்கள், என்ன செய்து தருவோம், எவ்வளவு. உதாரணமாக இரண்டு ரீல், ஒரு சனிக்கிழமை கடையில் ஒரு மணி நேரம் குழந்தைகளோடு. உள்ளூர்க்காரர் நானூறு பேர், எங்கெங்கோ உள்ள பத்தாயிரம் பேரைவிட அந்தக் கடைக்கு மதிப்பு. பதிவின் தொடக்கத்திலேயே ‘விளம்பரம்’ என்று தெளிவாகத் தெரிய வேண்டும், ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளிக்கக்கூடாது. மது, புகை, கஞ்சா, சூதாட்டம் எந்த மாநிலமானாலும் வேண்டாம். கோலுக்கு இவ்வளவு, வெற்றிக்கு இவ்வளவு என்று பேசும் ஒப்பந்தத்தையும் தொடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: எத்தனை மாதம், வேறு யாருக்கும் செய்யக்கூடாது என்ற தடை உண்டா, எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்கிறதா. புளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, பின்னாளில் என்.எஃப்.எல் (தொழில்முறை அமெரிக்க ஃபுட்பால் லீக்) தரும் வருமானத்தில் 15 சதவீதத்தை 25 வருடத்துக்குத் தருவதாகக் கையெழுத்திட்டார். அடுத்த வருடமே அதை ரத்துசெய்ய வழக்குப் போட வேண்டியதாயிற்று.

செலவு போக வருடத்துக்கு 400 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால், பணம் கொடுத்தவர் அனுப்பும் 1099 வருமானப் படிவம் வந்தாலும் வராவிட்டாலும், சுயதொழில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கிடைத்த பொருளின் சந்தை விலையும் வருமானத்தில் சேரும். வரும் ஒவ்வொரு தொகையிலும் கால்பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். மிச்சத்தில் பிள்ளை பெயரில் ராத் ஐ.ஆர்.ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு தொடங்க முடியும், பிள்ளை உழைத்து ஈட்டிய தொகைக்குள் ஆண்டு வரம்பு வரை.

காலேஜ் முடிவானதும் பயோவை மாற்றிவிட்டு, அதுவரை எழுதிக்கொண்டிருந்த மற்ற கோச்சுகள் ஒவ்வொருவருக்கும் பிள்ளை தன் கையால் இரண்டு வரி எழுதட்டும்: எங்கே சேர்கிறேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. காலேஜ் மாற வேண்டிய நாள் வந்தால் பிள்ளை மறுபடி கதவைத் தட்டப்போவது அவர்களிடம்தான்.